மூன்று கேள்விகளும் ஏழாம் நம்பர் பஸ்ஸும்

காலை ஏழரை மணிக்குள் தையல்காரம்மா அன்றைய கேள்விகள் மூன்றையும் செலவழித்துவிட்டாள்.

ஒரு நாளைக்கு மூன்று என்பது மருமகள் போட்ட சட்டம். ரயில் கிளம்பும் நேரத்தில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொல்லியனுப்பினாள்.

“அத்தை, உங்க நாத்தனாருக்குத் தொணதொணப்பு ஆகாது. ஒரு நாளைக்கு மூணே மூணு கேள்வி. அதுக்கு மேல வந்தா முழுங்கிடுங்க.”

“முழுங்கினா செரிக்குமா?”

“பாத்தீங்களா, இப்பவே ஒண்ணு!”

முதல் கேள்வி, இந்தக் குழாயில் சுடுதண்ணீர் எந்தப் பக்கம் என்பது. அதைக் கேட்டது காலை ஐந்தே காலுக்கு, நாத்தனார் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தபோது. இரண்டாவது, அறைக் கதவைத் திறக்கும் அட்டையில் எந்தப் பக்கம் மேலே வரவேண்டும் என்பது. அதைக் கேட்டது பூட்டிக்கொண்ட கதவுக்கு வெளியே, நைட்டியோடு, ஹோட்டல் வராந்தாவில் நின்று. மூன்றாவது சாப்பாட்டுக் கூடத்தில். “இந்த முட்டை எத்தனை நிமிஷம் வெந்திருக்கும்னு நினைக்கிற?” இது கேள்வியே இல்லை, வெறும் வாயரிப்பு. ஆனால் வெளியே விழுந்துவிட்டது. இனி ராத்திரி படுக்கும்வரை வாய்க்குத் தையல் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

‘நாற்பது வருஷமா ஊர் துணிக்கெல்லாம் தையல் போட்ட, உன் வாய்க்கு ஒரு கொக்கி வைக்கத் தெரியலையேடி’ என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

இவ்வளவு கெடுபிடிக்குக் காரணம் இருந்தது. மகனுக்கு வேலை மாற்றலாகியிருந்தது. புது ஊரில் கிடைத்த வீடு நாலாம் மாடியில், இரண்டே அறை. அம்மா வரலாம், அம்மாவின் தையல் மெஷின் வர முடியாது. அறுபத்தாறு வயதிலும் வாரத்துக்கு நாலு சட்டை, ஒரு கோட்டு என்று தைத்துக்கொண்டிருப்பவள், மெஷின் இல்லாமல் அந்த வீட்டில் போய் உட்கார்ந்து யார் முகத்தைப் பார்ப்பாள்? மிச்சமிருந்த ஒரே வழி, காலமாகிவிட்ட கணவரின் தங்கை. கல்யாணம் செய்துகொள்ளாதவள். பதிவாளர் அலுவலகத்தில் முப்பத்தாறு வருஷம் இருந்துவிட்டுப் போன வருஷம் ஓய்வு பெற்றவள். சொந்த வீட்டில் தனியாக இருப்பவள். அவளுடைய அண்ணன் உயிரோடு இருந்தவரை அவளை ‘ரிஜிஸ்தர்’ என்றுதான் சொல்வார், அதுவும் அவள் காதில் விழாத தூரத்தில்.

மகன் போய்ப் பேசியபோது நாத்தனார் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. வந்தால் பின்பக்கத்து அறையைக் கொடுக்கலாம் என்று மட்டும் சொன்னாள்.

“எங்கம்மாவைப் பதினெட்டு வருஷம் பாத்தாச்சுப்பா. இன்னொருத்தருக்கு ஆயா வேலை பாக்க எனக்குத் தெம்பு இல்லை. நாலு நாள் டூர் ஒண்ணு பதிஞ்சிருக்கேன். உங்கம்மாவும் வரட்டும். முதல் நாளே தெரிஞ்சிடும், நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து இருக்க முடியுமா, இல்ல நான் அவங்களை இடுப்புல தூக்கிட்டுத் திரியணுமான்னு.”

ஆக, ஊர் பார்க்க வந்திருப்பதாக மற்றவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். தையல்காரம்மா பரீட்சை எழுத வந்திருந்தாள். நாத்தனார் நின்றால் நிற்பது, நடந்தால் நடப்பது, எதிர்த்துப் பேசாமலிருப்பது, தொலைந்துபோகாமலிருப்பது. இவ்வளவுதான் பாடம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூடப் பாஸாகிவிடும்.

பஸ் ஹோட்டல் வாசலிலேயே நின்றிருந்தது. நாத்தனார் கையில், பிளாஸ்டிக் உறைக்குள், சுற்றுலாக் கம்பெனி கொடுத்த பயணத் தாள். முதல் குழு. பஸ் நம்பர் ஏழு. இருக்கை பதினொன்று, பன்னிரண்டு. காலை மியூசியம், அடுத்தது கோபுரம், அதற்கப்புறம் சாப்பாடு.

“தொலைஞ்சு போயிட்டா என்ன செய்யணும்னு பின்பக்கம் போட்டிருக்கான், படிச்சு வெச்சுக்குங்க அண்ணி.”

“தொலைய மாட்டேம்மா.”

“தொலையறவங்க யாரும் சொல்லிட்டுத் தொலையறதில்லை.”

பஸ்ஸில் தையல்காரம்மா வாயைத் திறக்கவில்லை, கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டாள். அவளுக்கு முகம் மனதில் நிற்காது. தோளும் காலரும்தான் நிற்கும். முன் இருக்கையில் ஒரு பழுப்புக் கோட்டு: முதுகு மடிப்பில் தையல் ஒரு விரற்கடை விட்டிருந்தது. அதற்கடுத்து அக்காளும் தங்கையும், ஒரே துணியில் வெட்டிய இரண்டு கவுன். மிச்சப்படுத்துகிறேன் என்று தங்கைக்குப் பூவைத் தலைகீழாக வைத்து வெட்டியிருந்தார்கள். ஓரத்தில் புதுமாப்பிள்ளை ஒருவன், பேண்ட் மடிப்பில், தைத்து முடித்ததும் உருவிவிட வேண்டிய கச்சா நூலைப் பிரிக்காமலே மாட்டிக்கொண்டு வந்திருந்தான். கேட்டால் ஒரு நிமிஷத்தில் பிரித்துக் கொடுத்திருப்பாள். கேட்பதற்குத்தான் பாக்கியில்லையே.

முன்னால் நின்று பேசிய கைடுக்குத் தொண்டை கட்டியிருந்தது. மைக்கில் அவர் பேசியது பழைய கதவு திறப்பதுபோல இருந்தது.

மியூசியத்தில் நுழையும் இடத்தில் ஒரு பலகை: கைப்பேசிகளை அணைத்துவைக்கவும். நாத்தனார் தன்னுடையதை அணைத்தாள். அண்ணியுடையதையும் வாங்கி அணைத்துத் தன் பையிலேயே போட்டுக்கொண்டாள். சுற்றியிருந்தவர்களெல்லாம் பலகைக்குக் கீழேயே நின்று பேசிக்கொண்டிருந்ததை ஒரு பார்வை பார்த்தாள்.

உள்ளே போனால், மற்றவர்கள் பொருளைப் பார்த்தார்கள். நாத்தனார் பொருளுக்குக் கீழே ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தாள். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும், நன்கொடை கொடுத்தவர் பெயர் உட்பட. கூட்டம் ஒவ்வொரு கூடமாக நகர்ந்து போக, இவர்கள் இருவரும் வாலாகப் பின்தங்கினார்கள். தையல்காரம்மாவுக்கு ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் பழைய கோட்டு ஒன்று கிடைத்தது. எந்தக் காலத்துப் பெரிய மனிதருடையதோ. பொத்தான் துளை முப்பத்திரண்டு, அத்தனையும் கைத்தையல். இருபத்தொன்பதாவது துளை கோணல். தைத்தவனுக்கு அன்றைக்கு வீட்டில் சண்டை போல என்று நினைத்து அவள் சிரித்துக்கொண்டிருந்தபோது, தூரத்தில் கைடு கைதட்டிக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். கட்டின தொண்டை, பெரிய கூடம். “பஸ்” என்பது மட்டும் காதில் விழுந்தது.

தையல்காரம்மா நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனார் சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே, “பஸ் பத்தி ஏதோ சொல்றாரு. மாத்தம்னா எழுத்துல குடுப்பாங்க. வாயில சொல்றதெல்லாம் கணக்கில்லை” என்றாள்.

‘என்னன்னு போய்க் கேட்டுட்டு வரட்டுமா?’ என்பது நாக்கு நுனிவரை வந்தது. நாலாவது கேள்வி. முழுங்கினாள். செரிக்கத்தான் இல்லை.

வெளியே வந்து பார்த்தால், பஸ்கள் நிற்குமிடத்தில் ஏழாம் நம்பர் சமத்தாக நின்றிருந்தது. அதே கம்பெனிப் படம், அதே டிரைவர். நாத்தனார் தாளைப் பார்த்தாள், பஸ்ஸைப் பார்த்தாள், ஏறினாள். பதினொன்று, பன்னிரண்டு காலியாக இருந்தது. உட்கார்ந்தார்கள். பஸ்ஸும் கிளம்பியது.

தையல்காரம்மா முன்னால் பார்த்தாள். பழுப்புக் கோட்டு இல்லை. இரட்டைக் கவுன் இல்லை. மாப்பிள்ளைப் பேண்ட் இல்லை. பக்கத்தில் ஒரு நீலச் சட்டை, பின்னால் ஒரு கம்பளிச் சால்வை. ஒன்றுகூடக் காலையில் பார்த்த துணியில்லை. ஒன்றரை மணி நேரத்தில் இருபது பேர் உடை மாற்றிக்கொண்டு வந்திருக்க முடியாது.

கேட்கக் கூடாது. சரி, சொல்லலாமே? சொல்வது கேள்வியாகாது.

“அந்தப் பழுப்புக் கோட்டுக்காரரைக் காணோம்” என்றாள், காற்றைப் பார்த்து.

“முன்னால எங்கயாவது இருப்பாரு.”

“அக்கா தங்கச்சி ரெண்டு பேரையும் காணோம்.”

“இடம் மாறி உக்காந்திருப்பாங்க. நம்ம மாதிரி நம்பர் பாத்தா உக்கார்றாங்க எல்லாரும்?”

“கைடுக்குத் தொண்டை கட்டியிருந்தது.”

“சரியாயிருக்கும்.”

“சரியாகி, பொம்பளையாவும் ஆயிட்டாரு.”

முன்னால் சிவப்புக் கொடியோடு ஒரு பெண் எழுந்து நின்று மைக்கைத் தட்டிக்கொண்டிருந்தாள். நாத்தனார் ஒரு நொடி யோசித்தாள். “மதியத்துக்கு ஆள் மாத்துவாங்க, அண்ணி. ஷிஃப்டு.”

தையல்காரம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ‘தப்பான பஸ்ஸும்மா இது’ என்று நாலு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் சொல்லிவிட்டு, அது சரியான பஸ்ஸாக இருந்துவிட்டால்? முதல் நாளே, ‘அண்ணிக்குப் பஸ்கூடத் தெரியல’ என்று தீர்ப்பு எழுதிவிடுவாள். நாத்தனார் தப்பாகப் பஸ் ஏறுகிறவளா? முப்பத்தாறு வருஷம் ஊரார் பிறந்த தேதியையெல்லாம் தப்பில்லாமல் எழுதினவள். இவளோ, சொந்த மகன் கல்யாணத்துக்கே தேதி மாறிப் பூக்காரனை வரச்சொன்னவள். யார் கண்ணை நம்புவது? துணியை நம்பாமல் தாளை நம்பி, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

பக்கத்து நீலச் சட்டைக்காரர் எட்டிப் பார்த்தார். “நேத்து ராத்திரி அறிமுகக் கூட்டத்துல உங்களைப் பாக்கலையே?”

“பாத்திருப்பீங்க. ஞாபகம் இருக்காது” என்றாள் நாத்தனார்.

மனுஷன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு திரும்பிவிட்டார்.

“அடுத்து நாம போகப்போறது படகுத்துறை!” என்றாள் கொடிக்காரப் பெண்.

நாத்தனார் தாளை எடுத்தாள். மியூசியத்துக்கு அடுத்து கோபுரம் என்றுதான் போட்டிருந்தது. பேனாவைத் திறந்து ஓரத்தில் எழுதினாள்: முன்னறிவிப்பின்றி மாற்றம், ஒன்று. அடியில் கோடும் போட்டாள். “திரும்பிப் போனதும் கம்பெனிக்கு ஒரு கடுதாசி போடணும்” என்றாள்.

படகுத்துறை வாசலில் கொடிக்காரப் பெண் டிக்கெட்டை ஒரு கையிலும் எண்ணிக்கையை மறு கை விரலிலும் வைத்துக்கொண்டு ஒருமுறை எண்ணினாள். மறுபடி எண்ணினாள். “டிக்கெட் இருபத்திரண்டு. ஆள் இருபத்து நாலு. யாருங்க கூட ரெண்டு பேர்?”

எல்லோரும் எல்லோரையும் பார்த்தார்கள். தையல்காரம்மா தன் செருப்பைப் பார்த்தாள்.

“யாரோ ரெண்டு பேர் தப்பா ஏறியிருக்காங்க” என்று நாத்தனார் முன்னால் வந்தாள். அலுவலகக் குரல் வந்துவிட்டது. “இப்படி நின்னு பாத்துட்டே இருந்தா ஆகாதும்மா. எல்லாரும் அவங்கவங்க பயணத் தாளை எடுங்க. வரிசையா நில்லுங்க. நான் பாத்துச் சொல்றேன்.”

“ஏம்மா...” என்று தையல்காரம்மா அவள் கையைத் தொட்டாள்.

“இருங்க அண்ணி, முடிச்சிட்டு வரேன்.”

முடித்துத்தான் வந்தாள். ஒவ்வொரு தாளாக வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்து, “சரி, நகருங்க. சரி, நகருங்க” என்று இருபத்திரண்டு பேரையும் ஒரு பக்கம் ஒதுக்கினாள். கம்பளிச் சால்வை அம்மாள் தாளைத் தேட நேரமானபோது, “இதையெல்லாம் கையில வெச்சுக்கணும்னு தெரியாதா?” என்று ஒரு அதட்டல்வேறு. எல்லோரும் நகர்ந்த பிறகு இந்தப் பக்கம் மிச்சமிருந்தது அவளும் அண்ணியும்தான்.

“எல்லாத்துலயும் இரண்டாம் குழுன்னு போட்டிருக்கு. அப்ப அந்த ரெண்டு பேர்...” என்று ஆரம்பித்தவள், தன் தாளைப் பார்த்து நிறுத்தினாள்.

கொடிக்காரப் பெண் அதை மெதுவாக வாங்கிப் படித்தாள். “நீங்க முதல் குழும்மா. படகுத்துறை ரோட்டுல பெரிய வண்டி விட மாட்டாங்கன்னு ரெண்டு குழுவும் மியூசியத்துல வண்டி மாத்திக்கிட்டோம். உள்ளேயே வந்து சொன்னாரே உங்க கைடு?”

நாத்தனார் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். காதுமடல் சிவந்து, கழுத்துவரை இறங்கியது. அவளை அப்படித் தையல்காரம்மா பார்த்ததே இல்லை. இருபத்திரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கம்பளிச் சால்வை அம்மாள் நன்றாக, ஆற அமரப் பார்த்தாள்.

கொடிக்காரப் பெண் போன் போட்டாள். எதிர்முனையில் அந்தக் கட்டின தொண்டை, இப்போது இன்னும் மோசமாயிருந்தது. “நாப்பது நிமிஷமா மியூசியத்தைச் சல்லடை போட்டுத் தேடுறோம்! ரெண்டு போனும் அணைச்சிருக்கு! யாரும்மா தப்பா ஏறினது?”

தையல்காரம்மா கையை நீட்டிப் போனை வாங்கினாள்.

“நான்தான் தம்பி. இந்தப் பொண்ணு வேணாம் வேணாம்னுதான் சொல்லிச்சு. நான்தான் இழுத்து ஏத்திட்டேன். வயசாச்சில்ல, கண்ணு தெரியல.”

இது கடைப் பழக்கம். துணி கொண்டுவருகிறவர்கள் அளவைத் தப்பாகச் சொல்லி, சட்டை பிடிக்காமல் போனால், தப்பு உங்களுடையது என்று எந்தத் தையல்காரியும் சொல்லமாட்டாள். என் கத்திரி கொஞ்சம் உள்ளே போயிடுச்சு என்பாள். வந்தவர் மானம் தப்பும், மறுபடி வருவார். அந்தக் கணக்கில், போனைத் திருப்பிக் கொடுக்கும்போது தையல்காரம்மாவுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. எப்பேர்ப்பட்ட தியாகம்! வீடு கிடைத்துவிட்ட மாதிரிதான். மெஷினை எந்த வண்டியில் ஏற்றுவது என்பதுவரை யோசித்துவிட்டாள்.

படகு போனது. முதல் குழுவின் பஸ் சுற்றிக்கொண்டு வந்து ஏற்றிக்கொள்ளும்வரை இருவரும் படகுத்துறை ரோடு பெரிய ரோட்டில் சேரும் முனைக்கு நடந்து போய், ஒரு சிமென்டுப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

“போனைப் போட்டு வெச்சுடும்மா” என்றாள் தையல்காரம்மா.

“அணைக்கச் சொல்லி எழுதியிருந்தது. திரும்பப் போடச் சொல்லி எங்கயும் எழுதல” என்றாள் நாத்தனார். சொல்லும்போதே அதன் அபத்தம் அவளுக்கே உறைத்திருக்க வேண்டும். போனை எடுத்துப் போட்டாள். பதினேழு அழைப்புகள். அப்படியே மடியில் கவிழ்த்தாள்.

“எப்பத் தெரியும் உங்களுக்கு?”

“எது?”

“மழுப்பாதீங்க அண்ணி. தப்பான பஸ்ஸுன்னு.”

“ஏறி உக்காந்ததுமே. கோட்டைக் காணோமே.”

“அப்ப ஏன் சொல்லல?”

“சொன்னேனே, கோட்டைக் காணோம், கவுனைக் காணோம்னு...”

“அது சொல்றதா? தப்பான பஸ்ஸுடீ இறங்குன்னு கையைப் பிடிச்சு இழுத்திருக்க வேணாமா?”

தையல்காரம்மா மருமகளின் சட்டத்தைச் சொன்னாள். மூன்று கேள்வியும் முட்டையோடு போனதைச் சொன்னாள். சொல்லச் சொல்ல, தான் எப்பேர்ப்பட்ட அசடு என்பது அவளுக்கே நன்றாக விளங்கியது. நாத்தனார் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தாள். நாத்தனார் சிரிக்கவில்லை.

“அப்புறம் அந்தப் போன்ல எதுக்குப் பொய்? நான் கேட்டேனா?”

“உன்னை எல்லாரும் பாத்துட்டு இருந்தாங்களேன்னு...”

“இருபத்திரண்டு பேரை வரிசையில நிக்க வெச்சு என் தப்பை நானே கண்டுபிடிச்சிருக்கேன். பாக்காம என்ன செய்வாங்க? அதை நீங்க எடுத்து உங்க தலையில போட்டுக்கிட்டா, எனக்குப் பெருமையா?” அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. “ஆபீஸ்ல எனக்குக் கீழ பதினோரு பேர். ஒரு தடவை ஒரு வருஷத்தையே தப்பாப் போட்டு ஒரு புஸ்தகம் முழுக்க எழுதியிருக்கேன். பதினோரு பேருக்கும் தெரியும். ஒருத்தர் வாயைத் திறக்கல. மேடத்துக்குப் பயந்தாங்களாம். எனக்குப் பன்னிரண்டாவது ஆளா வீட்டுக்குள்ள ஒருத்தரைக் கொண்டு வந்து வெச்சுக்கணுமா?”

தையல்காரம்மாவுக்கு இப்போதுதான் புரிந்தது. பரீட்சையில் எழுதாமல் விட்டதற்குத்தான் மார்க்கு போயிருக்கிறது.

“எங்கம்மாவைப் பாத்தது கஷ்டம்னு எல்லாருக்கும் சொல்லுவேன். கஷ்டம்தான். ஆனா அம்மா கடைசிவரைக்கும் என்னைத் திட்டிட்டே இருந்தா. தண்ணி சூடு பத்தலை, நீ நடக்கிறது சரியில்லைன்னு. வீட்டுல ஒரு சத்தம் இருந்தது. இப்படித் தலையாட்டிட்டு வர்றதுன்னா, அண்ணி, நீங்க உங்க மகனோடயே போயிடுங்க. எனக்கு வேணாம்.”

நாத்தனார் எழுந்து நின்றுவிட்டாள். முடிந்தது. மெஷின், வீடு எல்லாம் போயிற்று. இனி பறிபோக ஒன்றுமில்லை என்றானதும் தையல்காரம்மாவுக்கு, இத்தனை நேரம் முழுங்கியதெல்லாம் மேலே வந்தது.

“உக்காரு.”

“என்ன?”

“உக்காருன்னு சொன்னேன். நீ எனக்குக் குடுக்கறேன்னு சொன்ன ரூம் இருக்கே, அதுல மனுஷி இருக்க முடியாது.”

நாத்தனார் உட்கார்ந்தாள். “ஏன், அந்த ரூமுக்கு என்ன?”

“ஜன்னல் சுவரைப் பாத்துட்டு இருக்கு. பட்டப்பகல்ல லைட்டு போட்டாத்தான் கறுப்பு நூலா நீல நூலான்னு தெரியும். பொட்டி மாதிரி ரூம். அதுல என்னைப் போட்டு மூடலாம்னு பாத்தியா? எனக்கு ரோட்டுப் பக்கத்து ரூம் வேணும்.”

“அது என் ரூம்!”

“தெரியும். அதுல நீ என்ன செய்யற? தூங்கற. தூங்கறதுக்கு எதுக்கு வெளிச்சம்?”

“என் பீரோ இருக்கு அதுல. ரெண்டு ஆள் தூக்கினாலும் நகராது.”

“நாலு ஆளைக் கூப்பிடு.”

“நல்லா இருக்கே! இன்னும் குடியே வரல, பீரோவை நகத்தச் சொல்றீங்க!”

“நீதானே வாயைத் திறன்னு சொன்ன? திறந்தாச்சு. இன்னொண்ணும் சொல்றேன். நீ போட்டிருக்கிற சட்டைக்குக் கை அளவு தப்பு. காலையிலேர்ந்து பாத்துட்டு இருக்கேன், கண்ணு எரியுது.”

நாத்தனார் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “நல்ல கடைல வாங்கினது.”

“அதான் தப்பு.”

பெரிய ரோட்டில், முதல் குழு மாறி ஏறியிருந்த நாலாம் நம்பர் பஸ் வந்து நின்றது. கைடு இறங்கி ஓடிவந்தார். குரல் வரவில்லை, இரண்டு கையாலும் ஏறுங்கள், ஏறுங்கள் என்று காட்டினார்.

“ஒரு நிமிஷம் இருங்க தம்பி, வீட்டு விஷயம் பேசிட்டு இருக்கோம்” என்றாள் நாத்தனார், அவரைத் திரும்பிப் பார்க்காமலே. “சரி, ரோட்டுப் பக்கத்து ரூம். ஆனா மெஷின் காலையில ஏழு மணிக்கு முன்னாடி ஓடக் கூடாது.”

“அஞ்சு.”

“அஞ்சா? அக்கம்பக்கத்துக்காரங்க என்னைத்தான் கேப்பாங்க. ஆறரை.”

“அஞ்சரைக்கு மேல ஒரு நிமிஷம் பொறுக்க மாட்டேன்.”

“ஆறு. அதுக்கு மேல பேசாதீங்க.”

“பேசுவேன்” என்றாள் தையல்காரம்மா. “ஆறு மணின்னா காபி நீ போடணும்.”